குவைத் அளவுக்கு ஒரு புள்ளி

நாம் ஒன்றாக ஏழாம் வகுப்பு படித்த வருடம் கிருஷ்ணாயில் கிடைக்கவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும். புத்தகத்தில் மண்ணெண்ணெய் என்று போட்டிருந்தார்கள். அம்பத்தூரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடை வாசலில் ஆட்களுக்குப் பதிலாக டின்கள் வரிசையில் நிற்கும். கைப்பிடி உடைந்தது, கயிறு கட்டியது, மூடி தொலைந்து துணி அடைத்தது. எங்களுடையது பச்சை டின். வீட்டில் அது வைக்கிற மூலையில் தரையில் சதுரமாக ஒரு கறை. டின் கடைக்குப் போயிருக்கும் நாளிலும் அந்தச் சதுரம் வாடை அடித்தபடி அங்கேயே இருக்கும்.

அந்த வருடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. போன மாதம் நான்கு நாட்கள் என் மகனிடமிருந்து போன் வரவில்லை. அவன் வளைகுடாவில், கப்பல்களில் கச்சா எண்ணெய் ஏற்றுகிற ஒரு துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் மறுபடி சண்டை. ஐந்தாம் நாள் பேசினான். "நெட் இல்லம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றான். அவன் நன்றாக இருக்கிறான். நான்தான் இன்னும் சரியாகவில்லை. பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அடுப்பை அணைக்கக் கை போவதில்லை. அந்த நான்கு நாட்களில் தற்செயலாக எனக்கு ஒன்று தெரியவந்தது. அது மகனைப் பற்றியது அல்ல, அப்பாவைப் பற்றியது. உங்களில் சிலருக்கு அவரைத் தெரியும். பேசாத மனிதர் என்று தெரியும்.

அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தவர். நாம் ஆறாவது படிக்கும்போது குவைத்துக்குப் போனார். எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைக்கிற வேலை. கடிதம் எழுத அவருக்கு வராது. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அதில் முக்கால்வாசி மூச்சுச் சத்தமும் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தமும்தான். "அப்பறம்" என்பார். ரொம்ப நேரம் கழித்து மறுபடி "அப்பறம்" என்பார். ஒரு கேசட்டில், "இங்க தண்ணிதான் விலை, பெட்ரோல் சல்லிசு" என்றார். அம்மா அதை நான்கு வீட்டில் போய்ச் சொன்னாள்.

பதில் கேசட்டில் அம்மா சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு, "இந்தாங்க, நான்தான்" என்று ஆரம்பிப்பாள். அப்பாவின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையில் "கார்டு யாரு பேர்ல?" என்று கேட்டால் முழங்கையால் என் தோளில் இடிப்பாள். நான் சொல்வேன். நான் டின் வரிசையில் மாட்டிக்கொண்ட நாளில் கார்டையே நீட்டுவாள். கடைக்காரர் வேண்டுமென்றே, "எனக்குக் கண்ணு மங்கலு, நீயே படிச்சுச் சொல்லேன்" என்பார். மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். தங்கள் முறை வந்ததும் அவர்களும் கார்டைத்தான் நீட்டுவார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அம்மா நம்பினாள். மாமனார் பெயரும் அப்படியே. அவர் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். குறைவதற்கு ஆயுசு ஏதும் மிச்சமில்லை. ஆனாலும் சொல்லமாட்டாள்.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் சமூக அறிவியல் டீச்சர் உலக வரைபடம் வாங்கி வரச் சொன்னாரே, அதுவும் நினைவிருக்கும். "பூமிக்கடியில எண்ணெய் எல்லா நாட்டுக்கும் சமமா கெடைக்கல. சில இடத்துல நெறைய, சில இடத்துல கொஞ்சம், மீதி இடத்துல ஒண்ணுமே இல்ல. இல்லாதவங்க இருக்கிறவங்ககிட்ட வாங்கித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைக்கச் சொன்னார். வெனிசுலா, டெக்சாஸ், காஸ்பியன் கடலோரம் பாக்கு, நைஜீரியா, இந்தோனேசியா. நம் நாட்டில் திக்பாயும் பம்பாய் ஹையும். அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் புள்ளிகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்தன. அரபு நாடுகளுக்கு வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. குவைத்துக்கு நான் வைத்த புள்ளி குவைத்தை முழுசாக மூடிவிட்டு, கடலுக்குள்ளும் கொஞ்சம் கசிந்தது.

"டீச்சர், எங்கப்பா இதுக்குள்ளதான் இருக்காரு" என்றேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"அப்போ உங்க வீட்ல மட்டும் கிருஷ்ணாயிலுக்குப் பஞ்சமில்லேன்னு சொல்லு" என்று டீச்சர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதமே ரேடியோவில் குவைத், குவைத் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஈராக் உள்ளே புகுந்துவிட்டது. அந்தப் புள்ளியில் நடந்தது எங்கள் தெருவுக்கு வந்துசேர அதிக நாள் ஆகவில்லை. பெட்ரோல் பங்க்கில் வாசலை மறித்துக் கயிறு கட்டினார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கிருஷ்ணாயில் கார்டுக்குப் பாதி அளவு என்றார்கள், பிறகு லோடு வரவில்லை என்றார்கள். அம்மா ஸ்டவ்வைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டு மரத்தூள் அடுப்பு வாங்கினாள். நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி இடிக்க வேண்டும். பிறகு தூள் சரியாமல் பாட்டிலை மெதுவாக உருவ வேண்டும். அது என் வேலை. உருவும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கை கொஞ்சம் ஆடினாலும் எல்லாம் உள்ளே சரிந்துவிடும். அன்றைக்கு மறுபடி முதலிலிருந்து.

வரிசையில் ஒரு அக்கா அம்மாவைக் கிண்டல் செய்தாள். "இன்னாக்கா, உன் ஊட்டுக்காரருதான் அங்க கொழாய மூடிட்டாராமே? ஒரு வார்த்த சொல்லித் தொறக்கச் சொல்லேன்."

"சொல்லிக்கீறேன். உனுக்கு மட்டும் ஊத்த வேணாம்னு சொல்லிக்கீறேன்" என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அடுத்த வாரம் யாரும் கிண்டல் செய்யவில்லை. அதற்கடுத்த வாரம் எங்கள் டின்னை முன்னால் நகர்த்தி விட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கேசட் எதுவும் வரவில்லை.

பூந்தமல்லியிலிருந்து மாமா வாரம் ஒரு முறை வருவார். அம்மாவின் அண்ணன். வந்ததும் செய்தித்தாளை விரித்துச் சத்தமாகப் படிப்பார். எத்தனை லட்சம் பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், எப்படி பாலைவனத்தைத் தாண்டி ஜோர்டானுக்குப் போகிறார்கள், அங்கிருந்து பம்பாய்க்கு விமானம். "கவர்மென்டு ஒண்ணொண்ணா இட்டாந்து எறக்கினு கீது. ஆளு வந்தா ஊட்டுக்கே தந்தி வரும். நீ பொம்பள, ஆபீஸ் ஆபீஸா போயி நிக்காத. நாலு பேரு இன்னா பேசுவான்?" என்றார். அம்மா, "சரிண்ணா" என்றாள்.

ஒருநாள் சாயங்காலம் கரையான்சாவடிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். அப்பாவோடு ஒரே ஏஜென்ட் மூலம் போனவர். முகத்தில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு மறுபடி கேட்டார்.

"பார்டர்ல ஒரே டென்ட்டுலதான் கீறோம்க்கா. அண்ணனுக்கு வயிறு சரியில்ல. பச்சத் தண்ணி குடிச்சாலும் நிக்கல. லாரி வந்திச்சி, முந்தினவன் ஏறினான். நானும் ஏறிட்டேன். திரும்பிப் பாக்கறேன், அவரு குந்திகினு கீறாரு." அவர் தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பம்பாய்ல எறங்கறவங்க பேரையெல்லாம் டைப் அடிச்சி மெட்ராஸுக்கு அனுப்பறாங்களாம். லிஸ்ட்ட போயி பாருங்க. நான் வந்து பத்து நாளாச்சி, எனக்கு அப்பறமா அவரு நிச்சயம் ஏறியிருப்பாரு."

மறுநாள் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ். பெரிய அரசு அலுவலகத்தின் தாழ்வாரத்தில் ஒரு மேசை. மேசைமேல் டைப் அடித்த தாள்கள், காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின்மீதும் ஒரு கருங்கல் ஜல்லி. வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. பாதிக்குமேல் பெண்கள். ஒருத்தர் பட்டியலில் பெயரைக் கண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சுற்றிக்கொண்டு வரிசை நகர்ந்தது.

எங்கள் முறை வந்தது. "பேரு?" என்றார் எழுத்தர். அம்மா என் தோளில் இடித்தாள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவர் விரலில் எச்சில் தொட்டுத் தாள்களைப் புரட்டினார்.

"இல்லியேம்மா. சில பாஸ்போர்ட்டுல அப்பன் பேர முன்னாடி போட்டுடறான். லிஸ்ட்டும் அந்த வரிசையிலதான் வருது. அவரோட அப்பா பேரு இன்னா?"

அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் வெறும் தாத்தா.

"கொழந்தைய ஏம்மா பாக்கற? உன் மாமனார் பேருதான கேக்கறேன்."

அம்மா முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். "பழனி சாமி பேருங்க" என்றாள்.

பழனியில் நிற்கிற சாமியின் பெயர்தான் அவருக்கும் என்று அர்த்தம். ரேஷன் கடைப் பெண்களாக இருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். அந்தச் சாமிக்கு உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பார்கள், சரியானது வரும்போது அம்மா தலையை ஆட்டுவாள். அவள் அறிந்த உலகத்தில் பெயர் அப்படித்தான் கைமாறும். எழுத்தர் ஒரு துண்டுச் சீட்டில் "பழனிசாமி" என்று எழுதினார். பிறகு "பழனிசாமி, பழனிசாமி" என்று முணுமுணுத்தபடி ஒரு கட்டைப் பிரித்தார். தான் சொன்னதையே அவர் திருப்பிச் சொல்கிறார் என்றுதான் அம்மா நினைத்திருக்க வேண்டும். அவர் புரட்டியது ஆங்கிலத்தில் 'பி' எழுத்துத் தாள்களை. அது அவளுக்குத் தெரிய வழியில்லை.

"இல்லம்மா. இந்தச் சீட்டை வெச்சிக்கோ. அடுத்த வாரம் வா."

அவர் இனிஷியலைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ரேஷன் கார்டில் அப்பாவின் பெயருக்கு முன்னால் 'த' என்று இருக்கும். மாதம் இரண்டு முறை அதைப் பார்ப்பவள் நான். சீட்டில் இருந்த பழனிசாமிக்கும் கார்டில் இருந்த 'த'வுக்கும் பொருந்தவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பன்னிரண்டு வயது. தோன்றியிருக்கலாம்.

திரும்பும் ரயிலில் கொரட்டூர் தாண்டியதும் அம்மா, "மாமாகிட்ட சொல்லாத" என்றாள்.

அடுத்த வாரமும் போனோம். வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா வாய் திறக்க வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று, சீட்டை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவது முறை போனபோது தாழ்வாரத்தில் மேசையே இல்லை.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அப்பா வந்தார். வாசலில் நின்றவரை முதலில் நான் யாரோ என்று நினைத்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஒரு லுங்கியும் பாஸ்போர்ட்டும். பம்பாயில் இறங்கியவரை நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குமேல் படுக்கை. பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கேரளாவிலிருந்து அண்ணன் வந்திருக்கிறான், எதிர்ப் படுக்கைக்கு ஆந்திராவிலிருந்து பெண்டாட்டி வந்திருக்கிறாள். எல்லாரும் லிஸ்டைப் பார்த்து வந்தவர்கள். இவர் யாரையோ பிடித்து ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டாராம். அது எங்களுக்கு வரவே இல்லை.

சாயங்காலம் மாமா வந்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது ஆபீஸ் ஆபீஸா அலையறேன்னு நின்னுச்சி மாப்ளே. நான்தான் போவக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சேன். பாத்தியா, தானா வந்து சேந்துட்ட" என்றார். நல்லது செய்தவரின் குரலில்தான் சொன்னார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"இல்லீங்க, நான் போனேன்" என்றாள் அம்மா. "ரெண்டு தபா போயி கேட்டேன். பேரு இல்லன்னுட்டாங்க."

"எப்ப போன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்றார் மாமா.

"பேரு இருந்திச்சி" என்றார் அப்பா. "அதே லிஸ்ட்ட ஆஸ்பத்திரி செவுத்துல ஒட்டினாங்க. செவுத்தப் புட்ச்சிகினு போயி நானே பாத்தேன். என் பேரு எனுக்குத் தெரியாதா?"

"நானும் போனேம்பா. நான்தான் உங்க பேரைச் சொன்னேன்" என்றேன்.

அப்பா என் தலையில் கை வைத்தார். "உனுக்குச் சொல்லிக் குட்த்துகீறா. நீ இன்னா பண்ணுவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அப்பா பழைய பட்டறையிலேயே சேர்ந்தார். சம்பளத்தைச் சாமி படத்துக்கு அடியில் வைத்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கி வந்து மீட்டர் பெட்டிமேல் வைத்துவிட்டு, "உங்கம்மாவ எடுத்துக்கச் சொல்லு" என்பார். அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பாள். எனக்குத் திருமணமாகி நான் போன பிறகு, யார் மூலமாகப் பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்டதும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்தில் நான் கூட இருந்தேன். அப்பா வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "உங்கம்மாவுக்குத் தண்ணி வேணுமாம், குடு" என்றார். அவள் கேட்டது எனக்குக் காதில் விழவில்லை. அவருக்கு விழுந்திருக்கிறது.

போன மாதம், மகனிடமிருந்து போன் வராத மூன்றாம் நாள், அங்கே மாட்டிக்கொண்டவர்களுக்காக அரசாங்கம் அறிவித்திருந்த உதவி எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் சின்னப் பெண். மகன் பெயரைச் சொன்னேன். தேடிவிட்டு, "அந்தப் பேர்ல யாரும் பதிவாகல மேடம்" என்றாள். "பாஸ்போர்ட்ல சர்நேம் என்ன போட்டிருக்கு? லிஸ்ட் சர்நேம் வரிசையில வரும்" என்றாள். அவன் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருப்பது என் கணவரின் பெயர். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறவள். யோசிக்காமல் சொன்னேன். "இருக்காரு மேடம். பாதுகாப்பா ஒரு கேம்ப்ல இருக்காரு" என்றாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நன்றி சொல்லிப் போனை வைத்தேன். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அந்தத் தாழ்வாரம் வந்து நின்றது. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகன் பேசிய பிறகு திருநின்றவூர் போனேன். அப்பா அங்கே ஏரிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். "பேரன் பேசினானா?" என்று கேட்டார். பேசினான் என்றேன். பழைய பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். எதற்கு என்று கேட்காமல் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஏஜென்ட் எழுதிக் கொடுத்தபடி முதலில் தாத்தாவின் பெயர், அதற்குப் பிறகு அப்பாவின் பெயர். பழனியில் நிற்கிற சாமியின் பெயர்களில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'டி' எழுத்தில் தொடங்குவது. ஜல்லிக்கல் வைத்த அந்தக் கட்டுகளில் ஏதோ ஒன்றில் அவர் இருந்திருக்கிறார். எங்கள் கைக்கு எட்டுகிற தூரம்.

சொல்ல வேண்டுமா என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடமாக அவர் நம்பியது தவறு என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொள்ள அம்மா இல்லை. வாய்விட்டு ஒரு மன்னிப்பு கேட்கக்கூட அவருக்கு ஆள் இல்லை. சொல்லாமல் போனால், அம்மா கடைசிவரை பொய்க்காரியாகவே இருப்பாள்.

சொன்னேன். மேசை, வரிசை, எழுத்தர், அம்மா முந்தானையை வாயருகே கொண்டுபோனது, சீட்டில் அவர் எழுதியது, எல்லாவற்றையும்.

"பழனிசாமின்னா எழுதினான்?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"பழனி சாமி பேரு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அப்படித்தான் சொல்லுவா அவ. வேற எப்படிச் சொல்லுவா."

வெளியே தண்டவாளத்தில் ரயில் ஒன்று போயிற்று. இன்னொன்று போயிற்று. நான் கிளம்பலாம் என்று எழுந்தபோது, "அவ்ளோ தூரம் இட்டுகினு போனாளே" என்றார். "நடுவுல ஏதாவது சாப்ட்டாளா?"

யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.